கூப்பிடு தூரம்: ஒரு மருத்துவமாதுவின் சைக்கிள் கேள்வி பதில்

வணக்கம். இலங்கையின் வடக்கே வன்னியில் 32 வருடம் பொதுச் சுகாதார மருத்துவமாதுவாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். 9 வயதில் அப்பாவின் சைக்கிளில் பாருக்குக் கீழே காலை நுழைத்து உழக்கப் பழகினேன். இப்போது 62 வயது. இன்றைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் சைக்கிளில்தான் போய்வருகிறேன். பிள்ளை நிறுக்கும் தராசு, தடுப்பூசிப் பெட்டி, குடை எல்லாவற்றையும் கரியரில் ரியூப் பட்டியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒழுங்கை ஒழுங்கையாகப் போனதுதான் என் உத்தியோகம். சைக்கிளைப் பற்றி எதையும் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, எனக்கு 15 வயது. பாடசாலைக்குத் தினமும் 7 கிலோமீற்றர் உழக்குகிறேன். முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது. சைக்கிளை விட்டுவிடச் சொல்கிறார்கள். (துணுக்காய்)

விட வேண்டாம் தங்கச்சி. முதலில் சீற்றைப் பார். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீற் பதிவாக இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பின்பக்கம் வலித்தால் சீற் உயர்ந்துவிட்டது. சுவரில் கைவைத்துக்கொண்டு ஏறி இரு. பெடல் அடியில் நிற்கும்போது குதிக்காலை அதன்மேல் வை. அப்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தால் உழக்கும்போது முழங்கால் சற்று மடிந்திருக்கும். அதுதான் சரியான உயரம். நம் பிள்ளைகள் நின்றவுடன் இரண்டு காலும் நிலத்தில் முட்ட வேண்டும் என்று சீற்றை இறக்கிவிடுகிறார்கள். நிறுத்தும்போது சீற்றைவிட்டு முன்னே இறங்கி நிற்கப் பழகினால் அந்தப் பயம் போய்விடும். உயரத்தைச் சரிசெய்து இரண்டு வாரத்துக்குப் பிறகும் வலித்தால் வைத்தியரிடம் காட்டு.

வாரத்துக்கு ஒருமுறை ரியூப் ஒட்டுகிறேன். கடைக்காரர் ரயரை மாற்றச் சொல்கிறார். ரயர் புதிது அம்மா. (ஒட்டுசுட்டான்)

ரயரை மாற்றாதீர்கள் தம்பி, உள்ளே தேடுங்கள். நம் ஒழுங்கைகளில் நெருஞ்சியும் விடத்தலும் இருக்கும்வரை முள் ஏறத்தான் செய்யும். ஆனால் வாரம் தவறாமல் காற்றுப் போகிறதென்றால் பழைய முள் ரயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கிறது என்று நினைக்கிறேன். வெளியே பார்த்தால் தெரியாது. ரயரைக் கழற்றி, ஒரு சீலைத் துணியை உள்பக்கமாக மெதுவாக இழுத்து வாருங்கள். முள் இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். விரலால் தடவினால் விரல் கிழியும்.

ஒட்டும்போதும் ஒரு விஷயம். ஒரே முள் ரியூபின் மேல்பக்கத்தால் ஏறி அடிப்பக்கத்தையும் துளைத்திருக்கலாம். ஒரு குமிழியைக் கண்டவுடன் தண்ணீர்ச் சட்டியிலிருந்து எடுத்துவிடாமல் ரியூபை முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். துளையைச் சுற்றி அரத்தாளால் உரசி, சொலூஷன் பூசி, அது மினுக்கம் போய்க் காயும்வரை பொறுத்து, அதன் பிறகுதான் ஒட்டுத் துண்டை வைக்க வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் பரந்தன் போவதற்குள் பெயர்ந்துவிடும். கடைசியாக, காற்றடிக்கும் வால்கட்டைக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல நேரம் குற்றவாளி அதுதான்.

கிரவல் வீதியில் போய்வந்தால் செயின் கரகரவென்று சத்தம் போடுகிறது. மோட்டார் சைக்கிளில் வடித்த கறுத்த ஒயிலைத்தான் விடுகிறேன். சரியா?

சரியில்லை. அந்த ஒயிலில் ஏற்கெனவே இரும்புத்தூள் இருக்கிறது. அதில் புழுதியும் ஒட்டினால் செயினை அரைக்கும் மாவாகிவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய ஒயிலைக் கண்ணிக்கு ஒரு துளியாக விட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். ஒயில் வேலை செய்வது உள்ளேதான். வெளியே இருந்தால் மண்ணைத்தான் பிடிக்கும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்பதைக் கடைக்குப் போகாமலே பார்க்கலாம். பிள்ளைகளின் அடிமட்டம் ஒன்றை எடுத்து ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். அங்கிருந்து 24 கண்ணி தள்ளியிருக்கும் ஆணி, புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அதைவிட அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் பல்லுச் சக்கரங்களும் தேய்ந்திருக்கும், செலவு இரட்டிக்கும்.

கியர் சைக்கிள் வாங்கலாமா, சாதாரண லுமாலா சைக்கிள் போதுமா?

வன்னிக்குச் சாதாரணமே போதும். நம் நிலம் மட்டம்; ஏறவேண்டிய மேடு என்றால் குளக்கட்டு மட்டும்தான். முன்னே 44 பல், பின்னே 18 பல், 28 அங்குலச் சில் என்றால், ஒருமுறை முழுதாக உழக்க வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் போகும். நெல் மூட்டை ஏற்றுபவர் பின்னே 20 பல் போடலாம், மூச்சு வாங்காது. கியர் வண்டி கெட்டதல்ல. ஆனால் முத்தையன்கட்டில் கியர் உடைந்தால் திருத்துவதற்கு ஆள் தேட வேண்டும்.

எனக்கு 47 வயது, சர்க்கரை வருத்தம். கிளினிக்கில் நடக்கச் சொன்னார்கள், குதிக்கால் வலியால் முடியவில்லை. சைக்கிள் ஓடவே தெரியாது. இந்த வயதில் பழகினால் ஊர் சிரிக்காதா? (புதுக்குடியிருப்பு)

ஊர் ஒரு கிழமை பார்க்கும், பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். நீங்கள் பழகுங்கள். இதற்கு என் முழு மனதோடு பதில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வயதில் மூன்று பெண்களுக்கு நானே பழக்கிவிட்டிருக்கிறேன்.

பார் இல்லாத பெண்கள் சைக்கிளாக எடுங்கள். பெடல் இரண்டையும் கழற்றிவிட்டு, சீற்றை இறக்கி, பாடசாலை மைதானத்தில் காலால் நிலத்தை உதைத்து உதைத்துப் போங்கள். சமநிலை வந்துவிட்டால் பெடலைப் பூட்டிக்கொள்ளலாம். யாரும் பின்னால் பிடிக்கத் தேவையில்லை.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. நாளுக்கு அரைமணி, வாரத்துக்கு ஐந்து நாள். உழக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். உடல் பாரத்தைச் சீற் தாங்குவதால் குதிக்காலுக்கு இது நடையைவிட இதமாக இருக்கும். ஆனால் இன்சுலின் ஏற்றுபவராக இருந்தால் அல்லது சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் குளிசை எடுப்பவராக இருந்தால், தொடங்குமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள். சேலைத் தலைப்பில் நாலு இனிப்பு முடிந்துகொள்ளுங்கள். கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டால் இறங்கி உடனே வாயில் போடுங்கள். வெறுங்காலோடும் ரப்பர்ச் செருப்போடும் உழக்காதீர்கள், மூடிய சப்பாத்துப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். உணர்வு குறைந்த காலில் ஏறிய முள் வலிக்காது.

நாங்கள் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள்தான் எல்லாம் என்று அம்மா சொல்வார். உண்மையாகவே அப்படியா?

உண்மைதான் மகள். 1990 இல் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு எரிபொருளும் பற்றரியும் வரத் தடை. சைக்கிளை நிறுத்தி, பின்சில்லைக் கிளப்பி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் நின்றுவிடும். அதனால் மாறி மாறிச் சுற்றுவோம். விறகும் மீனும் நோயாளியும் பிரேதமும் சைக்கிளில் போயின.

ஓர் இரவைச் சொல்கிறேன். 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்த பிறகு மல்லாவிப் பக்கம் காடு வெட்டிக் கொட்டில் போட்டிருந்த சனம் ஏராளம். அடுத்த வருடம் கார்த்திகை மாத மழையில், நள்ளிரவில் ஒருவர் ஓடி வந்து படலையைத் தட்டினார். மனைவிக்கு வலி. ஆறு கிலோமீற்றர். அவரிடம் சைக்கிள் இல்லை, ஓடியே வந்திருக்கிறார். அவரைக் கரியரில் ஏற்றிக்கொண்டு நான் உழக்கினேன். டைனமோ வெளிச்சத்தின் சுபாவம் உங்களுக்குத் தெரியாது. வேகமாகப் போனால் பளிச்சென்று எரியும், சேற்றில் மெதுவானால் மங்கும். எந்த இடத்தில் பள்ளம் இருக்கிறதோ அந்த இடத்தில்தான் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கடைசி ஒரு கிலோமீற்றர் அவர் இறங்கி, முன்னே ஓடி ஓடி, "வலப்பக்கம் அம்மா, வேர் இருக்கிறது அம்மா" என்று குரலாலேயே வழிகாட்டினார்.

விடியுமுன் பெண்குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். வெளியே வந்து பார்த்தால் என் சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. அந்த மனிதர் ஒரு பழைய துணியால் செயினைக் கண்ணி கண்ணியாகத் துடைத்துக்கொண்டிருந்தார். சேறு முழுவதும் போய்விட்டது. மண்ணெண்ணெய் மணத்தது. வீட்டில் இருந்த ஒரே விளக்கின் எண்ணெயை ஊற்றிக் கழுவியிருக்கிறார். அந்த நாளில் மண்ணெண்ணெய் என்ன விலை என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சைக்கிளை 2009 இல் விட்டுவிட்டு வந்தேன்.

அம்மாவுக்கு 58 வயது. இன்னும் சைக்கிள்தான். ஸ்கூட்டி வாங்கித் தருகிறேன் என்றால் மறுக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. எப்படி விளக்குவது?

அவருக்கு விளக்காதீர்கள் தம்பி. ஒரு நாள் அவர் பின்னால் இன்னொரு சைக்கிளில் போய்வாருங்கள்.

நான் வேலைக்குப் போன காலத்தில் எனக்கும் மோட்டார் சைக்கிள் எடுக்கக் கடன் தருவதாகச் சொன்னார்கள். எடுத்து மூன்று மாதம் ஓடியும் பார்த்தேன். வேலை சீக்கிரம் முடிந்தது. ஆனால் யாரும் கூப்பிடவில்லை. சைக்கிளில் போகும்போது வேலிக்கு மேலால் ஒரு தலை தெரியும், "அம்மா, ஒரு நிமிடம்" என்று குரல் வரும். பிள்ளை பால் குடிக்கவில்லை என்பார்கள். மருமகள் மூன்று நாளாக யாரோடும் பேசவில்லை என்பார்கள். கிளினிக் வரிசையில் நின்று இதை யாரும் சொல்வதில்லை. இயந்திரச் சத்தத்தோடு கடந்து போகிறவளை நிறுத்தி இதைச் சொல்ல ஒருவருக்கும் மனம் வராது. கூப்பிடு தூரம் என்கிறோமே, சைக்கிளில் போகிறவள் ஊர் முழுவதும் எல்லோருக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். மோட்டார் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் அம்மாவை அந்த ஊரில் எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவருக்கு முழங்கால் முடியாமல் போகிற நாளில் ஸ்கூட்டி வாங்கிக் கொடுங்கள், சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார். 2022 இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோமே, அப்போது உங்கள் வீட்டுக்கு மரக்கறி எப்படி வந்தது என்பதையும் யோசியுங்கள்.

நண்பர்கள் நான்கு பேர் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியால் சைக்கிளில் வரப்போகிறோம். எந்த மாதம் நல்லது?

மாசியில் வாருங்கள். மழை விட்டிருக்கும், குளமெல்லாம் நிரம்பி நிற்கும், வெயில் இன்னும் கொளுத்தத் தொடங்கியிருக்காது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வந்தால் சோளகக் காற்று முதுகில் தள்ளும், வடக்கே வருவது சுகம். ஆனால் அதே காற்றுக்கு எதிராகத் திரும்பிப் போவதை நினைத்து அழுவீர்கள். அதனால் திரும்பும்போது ரயிலையோ பஸ்ஸையோ பாருங்கள்.

மொத்தம் 80 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. நன்றாக வெளிச்சம் வந்தபின் புறப்பட்டு, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் தாண்டி ஒன்பதரைக்குள் மாங்குளம் சேர்ந்தால் பாதிக்கு மேல் முடிந்துவிடும். உச்சி வெயிலில் உழக்க வேண்டாம். தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடியுங்கள், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் இன்னும் நல்லது. முறிகண்டிப் பிள்ளையாரிடம் இறங்காமல் வரமாட்டீர்கள் என்று தெரியும். சுடச்சுடக் கச்சான் வாங்கிச் சாப்பிடுங்கள், கடைசிப் பகுதிக்கு அது போதும்.

ஒருவர் பின் ஒருவராக வெள்ளைக் கோட்டுக்கு வெளியே வாருங்கள். அந்த வீதியில் பஸ்கள் பறக்கின்றன. பொழுதுபட்டபின் உழக்க வேண்டாம். வீதியில் மாடு படுத்திருக்கும், காட்டுப் பக்கத்தில் யானையும் வரும். மண்டையோட்டுப் படம் போட்ட கண்ணிவெடிப் பலகையைக் கண்டால் ஒதுங்கப் போகவும் வீதியைவிட்டு இறங்காதீர்கள்.

அப்பாவின் ராலி சைக்கிள் கொட்டிலில் துருவேறி நிற்கிறது. அவர் போய் ஆறு வருடம். அதைத் திருத்த முடியுமா, எடைக்குப் போடுவதா? (அக்கராயன்)

எடைக்குப் போடாதீர்கள் அண்ணா. முதலில் பிரேமில் பார்கள் சேரும் மூட்டுகளையும் முன் போர்க்கையும் துடைத்துவிட்டு வெயிலில் பாருங்கள். மயிரிழை போல் வெடிப்பு இல்லையென்றால் சைக்கிள் உயிரோடு இருக்கிறது. மேல்துரு வெறும் தோல். ரயர், ரியூப், பிறேக் கட்டை மூன்றும் கட்டாயம் புதிதாக வேண்டும், ரப்பர் நின்ற இடத்திலேயே செத்துப்போகும். ஹப்பைக் கழற்றி, போள்ஸ்களை மண்ணெண்ணெயில் கழுவி, குழி விழுந்தவற்றை எறிந்துவிட்டுப் புது கிறீஸ் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். கம்பிகளை விரலால் சுண்டிப் பார்த்து, மந்தமாக ஒலிப்பவற்றை இறுக்க வேண்டும்.

கடைக்காரர் ஹாண்டில் பிடிகளையும் மாற்றச் சொல்வார். அவை வெடிக்காமல் இறுக்கமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெருவிரல் அழுத்தும் இடத்தில் ஒரு தேய்மானம் இருக்கும், தடவிப் பாருங்கள். காற்றடித்து ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். காலையில் காற்று இறங்காமல் நின்றால் ஏறி உழக்குங்கள்.