"கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் போதும்" என்று விற்கும் பழைய செயின்சாவை வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான். தனிநபர் ஒருவர் மரம் அறுக்கும் தம் செயின்சாவை விற்கிறார். இரண்டு வருடம் ஓடிய மெஷின், இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை. "கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் போதும், வேறு குறை எதுவும் இல்லை" என்கிறார். விலையும் குறைவு. நம்பி வாங்கலாமா? ஓடுகிற மெஷினாக இருந்தால் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

நம்பி வாங்க வேண்டாம், பார்த்து வாங்குங்கள். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பெட்ரோல் மாதக்கணக்கில் தொட்டியிலேயே கிடந்தால் பிசின்போலப் படிந்து கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். உள்ளே இருக்கும் மெல்லிய டயாபிரம் விறைத்துப்போகும். அப்படியென்றால் பழுது சிறியதுதான். ஆனால் பிஸ்டன் கீறிப்போன மெஷினும் இதேபோல ஸ்டார்ட் ஆகாமல்தான் கிடக்கும். அதை விற்பவரும் இதே வார்த்தைகளைத்தான் சொல்வார். பெரும்பாலும் ஏமாற்ற நினைத்துச் சொல்வதில்லை, அப்படி நம்பியே சொல்வார். எது எந்த நோய் என்பதைச் சொல்லிவிடக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது: சைலன்சருக்குப் பின்னால் மறைந்திருக்கும் புகைத்துளை. அதைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நான் ஒருமுறை செலவிடவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் முதலில் வாங்கிய பழைய மெஷின், நான் போய் இறங்கியபோதே ஓடிக்கொண்டிருந்தது. விற்பவர் அதைக் கையில் பிடித்து ஆக்சிலரேட்டரை இரண்டு முறை அழுத்திக் காட்டினார். சத்தம் கம்பீரமாக இருந்தது. மேல்மூடி பளபளவென்று துடைத்திருந்தது. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்து வந்தேன். மறுநாள் காலை, கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை கொப்பளித்த பிறகுதான் எஞ்சின் உயிர் பெற்றது. ஒரு தடிமனான கட்டையைப் பாதி அறுப்பதற்குள் வலு குறைந்து நின்றுவிட்டது. சூடு ஆறும்வரை மறுபடி எழவே இல்லை. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நகத்தால் பிராண்டியதுபோல் கோடுகள். எஞ்சினின் கதை எனக்கு முன்பே முடிந்திருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எதைத் தேட வேண்டும் என்பதும் புரிந்துவிடும். பெட்ரோலில் ஓடும் செயின்சாக்களில் மிகப் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. கார் எஞ்சினைப்போல இதற்குத் தனியாக ஆயில் ஊற்றி வைக்கும் இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் டூடி (2T, டூ ஸ்ட்ரோக்) ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்குகளையும் காப்பாற்றுகிறது. இப்போதைய மெஷின்கள் பலவற்றுக்கு 50:1 என்பது கணக்கு. அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி ஆயில். சிலவற்றுக்கு 25:1, அப்போது 200 மில்லி. யாரோ ஒருவர் அவசரத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டிவிட்டால் போதும், சில நிமிடங்களில் பிஸ்டன் சிலிண்டர் சுவரோடு உரசிக் கீறிக்கொள்ளும். இன்னும் மோசமானால் அப்படியே பிடித்துக்கொள்ளும். இந்த மெஷினில் செயினுக்கு ஆயில் ஊற்றும் தொட்டி ஒன்று தனியாக இருப்பதால், "ஆயில் ஊற்றித்தான் ஓட்டினேன்" என்று ஒருவர் சொல்லும்போது எந்த ஆயிலைச் சொல்கிறார் என்று நிதானமாகக் கேளுங்கள். பெட்ரோலில் எவ்வளவு கலப்பீர்கள், கலந்து வைத்த கேனைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கணக்கு தெரிந்தவர் யோசிக்காமல் சொல்வார். "கண் மதிப்பில் கொஞ்சம் ஊற்றுவேன்" என்ற பதில் வந்தால் சோதனையை இரட்டிப்பாக்குங்கள்.

இனி அந்தத் துளை. போகும்போது பார்க்கப்போகும் மெஷினின் திருகுகளுக்கு ஏற்ற சாவிகள், ஸ்பார்க் பிளக் கழற்றும் ஸ்பேனர், சின்ன டார்ச் எடுத்துச் செல்லுங்கள். சைலன்சரைக் கழற்றிப் பார்ப்பேன் என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் திடீரென்று ஸ்பேனரை எடுத்தால் எவருக்குமே பயம் வரும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்பார்க் பிளக்கையும், பிறகு சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு அல்லது மூன்று திருகுகளையும் கழற்றுங்கள். இடையில் இருக்கும் கேஸ்கட் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கயிற்றை மெதுவாக இழுத்தால் பிஸ்டன் ஏறி வந்து துளையை மூடும். அங்கே டார்ச் அடியுங்கள். நல்ல பிஸ்டனின் பக்கம் மழமழப்பாக இருக்கும். கடைசல் இயந்திரம் விட்டுச்சென்ற மெல்லிய குறுக்குக்கோடுகள்கூடத் தெரியலாம். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தன் பள்ளத்தில் மெருகோடு உட்கார்ந்திருக்கும், சின்னக் குச்சியால் தொட்டால் லேசாக அசையும். கெட்ட பிஸ்டனில் கோடுகள் நெடுக்காக ஓடும். அலுமினியம் உருகித் தீற்றியதுபோல் சாம்பல் நிறத் திட்டுகள் இருக்கும். ரிங் பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

கழற்றிய பிளக்கைத் தூக்கி ஓரம் வைத்துவிடாதீர்கள். அதன் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் எஞ்சின் சூடேறி ஓடியிருக்கிறது. அதில் அலுமினியத் துகள்கள் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம்.

புகைத்துளைப் பக்கம் சுத்தமாக இருப்பது பாதிச் செய்திதான். ஆயில் குறைவாலும் சூட்டாலும் வரும் கீறல் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் வரும். ஆனால் தூசி உள்ளே போனதால் வரும் தேய்மானம் எதிர்ப்பக்கத்தில், காற்று நுழையும் வாயில் இருக்கும். எனவே ஏர் பில்டரைக் கழற்றி, அதற்கு உட்புறம் விரலால் தடவிப் பாருங்கள். பில்டரின் வெளியே மரத்தூள் அப்பியிருப்பது இயல்பு. உள்ளே விரலில் மாவுபோலத் தூசி ஒட்டினால், அது எஞ்சினுக்குள்ளும் போயிருக்கிறது.

உங்கள் கேள்வியில் உள்ள மெஷினுக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும். பிஸ்டன் சுத்தம், ரிங் சுத்தம் என்றால் கார்புரேட்டர் கதை பெரும்பாலும் உண்மை. ஆனாலும் ஓடாத மெஷினுக்கு ஓடாத மெஷினின் விலையைத்தான் கொடுக்க வேண்டும். ஏனென்றால் கிளட்ச், ஆயில் பம்ப், சீல்கள் எதையும் உங்களால் சோதித்திருக்க முடியாது. கீறல் தெரிந்தால் உதிரிபாக விலைக்கு மேல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

ஓடுகிற மெஷின் என்றால், "நான் வரும்வரை அதை ஓட்டாதீர்கள்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் சைலன்சர் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவது ஒரு சோதனை. பத்து நிமிடம் கட்டை அறுத்து, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆவது வேறொரு சோதனை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் பிடிப்பு, குறைந்த மெஷின் இரண்டாவதில்தான் மாட்டிக்கொள்ளும். கம்ப்ரஷனைத் தோராயமாக அறிய இன்னொரு வழி உண்டு. செயின் உறையைப் போட்டு, சுவிட்சை அணைத்து, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தரையிலிருந்து சற்றே தூக்குங்கள். நல்ல எஞ்சின் தயங்கித் தயங்கி, விக்கி விக்கி இறங்கும். சரசரவென்று இறங்கினால் உள்ளே பிடிப்பு இல்லை. எளிதில் ஸ்டார்ட் செய்வதற்கான டீகம்ப்ரஷன் பொத்தான் இருந்தால் அது அழுந்தியிருக்கக் கூடாது, இல்லாவிட்டால் நல்ல எஞ்சினையும் தவறாக ஒதுக்கிவிடுவீர்கள்.

ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்லோவில் ஓடும்போது செயின் சுற்றவே கூடாது. சுற்றினால் ஸ்லோ திருகைச் சரிசெய்தாலே போதுமாக இருக்கலாம், கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்தும் இருக்கலாம். அப்படியே மெஷினை இடம், வலம், மூக்கு கீழாக என்று சாய்த்துப் பாருங்கள். சத்தம் சீராக இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் வேகம் உடனே இறங்க வேண்டும். விட்ட பிறகும் சில விநாடிகள் வேகம் அந்தரத்தில் தொங்கிவிட்டு மெல்ல இறங்குகிறதா? எங்கோ சீல் வழியாகக் காற்று கசிந்து உள்ளே போகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் அந்த அளவுக்குக் குறைகின்றன. இன்று ஆரோக்கியமாக இருக்கும் பிஸ்டன்கூட இந்தக் கசிவோடு ஓடினால் சீக்கிரமே கீறிவிடும்.

எஞ்சின் கெட்டால் பணம்தான் போகும். செயின் பிரேக் கெட்டிருந்தால் போவது வேறு. முழு வேகத்தில் செயின் விநாடிக்கு சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. செயின் சுற்றி ஓடும் நீளத் தகடுதான் பார்; அதன் மூக்கின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் ஒரே உதையில் முகத்தை நோக்கித் துள்ளும். கண் இமைப்பதற்குள் நடந்துவிடும். அந்த நொடிக்காகத்தான் முன்கைப்பிடிக்கு முன்னால், செயின் பிரேக்கை இயக்கும் அந்தத் தடுப்பு நிற்கிறது. ஹஸ்க்வர்னா நிறுவனம் 1973-இல் தன் மெஷின்களில் செயின் பிரேக்கைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய காலத்து மெஷின்கள் சேகரித்து வைக்கத் தகுந்தவை. வேலைக்கு வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

சோதிப்பது இப்படி. மெஷினை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, செயின் எதிலும் படாதபடி வைத்து, முழு வேகத்தில் ஓடும்போது கைப்பிடியை விடாமலே இடது மணிக்கட்டால் தடுப்பை முன்னால் தள்ளுங்கள். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போய் நின்றால் பிரேக் பட்டை தேய்ந்திருக்கிறது. தடுப்பைக் கம்பியால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டியிருந்த மெஷின் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். "அடிக்கடி விழுந்து வேலையைக் கெடுக்கிறது, அதனால் கட்டிவிட்டேன்" என்றார் அவர். அதே கைகளால்தான் அவர் தினமும் மரம் அறுத்துக்கொண்டிருந்தார். அன்று நான் மெஷினை வாங்கவில்லை. கம்பியை அவிழ்க்கும்படி அவரிடம் கெஞ்சிவிட்டு வந்தேன்.

பின்கைப்பிடியின் மேலே உள்ள பூட்டை அழுத்தாமல் ஆக்சிலரேட்டர் அசையக் கூடாது. செயின் அறுந்தால் பிடித்து நிறுத்தும் சின்னக் கொக்கி ஒன்று பாரின் அடிப்பகுதிக்குக் கீழே இருக்கும். பல பழைய மெஷின்களில் அது உடைந்து போயிருக்கும். மலிவான பாகம்தான், ஆனால் மாற்றாமல் ஓட்டாதீர்கள். அணைக்கும் சுவிட்சு முதல் தட்டிலேயே அணைக்க வேண்டும். சோதனை ஓட்டத்துக்கே உங்கள் சொந்த ஹெல்மெட், வெட்டுத் தடுப்புக் கால்சட்டை, பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். மெஷினோடு சேர்த்து அவர் தரும் பழைய ஹெல்மெட்டை நம்பாதீர்கள்; வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்கின் பலம் கண்ணுக்குத் தெரியாது.

பார், செயின், செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட் மூன்றும் தேய்வதற்கென்றே உள்ளவை. அவற்றுக்காக ஒரு நல்ல எஞ்சினை விட்டுவிட வேண்டாம், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். செயினைப் பக்கவாட்டில் ஆட்டினால் பார் பள்ளத்துக்குள் மிகவும் சாய்கிறதா, ஸ்ப்ராக்கெட்டில் அரை மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஓடும் மெஷினின் மூக்கை வெளிர் நிற அட்டைக்கு மேல், படாமல் நீட்டுங்கள். அதில் ஆயில் கோடாகத் தெறித்தால் பம்ப் வேலை செய்கிறது.

"பெட்டியே பிரிக்காதது, பாதி விலை" என்று வருபவற்றிடம் இரட்டைக் கவனம் வேண்டும். ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற பெயர் பெற்ற நிறுவனங்களின் மெஷின்களை நிறம், ஸ்டிக்கர் மாறாமல் போலியாகச் செய்து விற்கிறார்கள். உடலில் பதித்துள்ள வரிசை எண்ணைப் படம் எடுத்து, அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் கேளுங்கள். எண்ணை யாரோ அரத்தால் ராவி அழித்திருந்தால் அது திருட்டுப் பொருளாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. விலை பேசவே வேண்டாம்.

இப்போது நான் வைத்திருக்கும் மெஷின், மரம் வெட்டும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் வாங்கியது. மேல்மூடியில் சாயமே இல்லை, முன்கைப்பிடி தேய்ந்து வழவழவென்றிருந்தது. ஆனால் சுவரில் செயின் தீட்டும் மூன்று அரங்கள் அளவு வாரியாகத் தொங்கின. கேனில் கலவை கலந்த தேதி எழுதியிருந்தது. "சைலன்சரைக் கழற்றிப் பார்க்கலாமா ஐயா?" என்றேன். "அதைப் பார்க்காமல் வாங்கினால்தான் நான் வருத்தப்படுவேன், தம்பி" என்று சொல்லி, சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார். பிஸ்டனில் குறுக்குக்கோடுகள் அப்படியே இருந்தன.

வாங்கி வந்த அன்றே தொட்டியில் மிச்சம் இருக்கும் பெட்ரோலைக் கொட்டிவிட்டு, நீங்களே அளந்து கலந்த புதுக்கலவையை ஊற்றுங்கள். பெட்ரோல் பில்டர், ஏர் பில்டர், ஸ்பார்க் பிளக் மூன்றையும் மாற்றுங்கள். பெட்ரோல் குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அதையும் மாற்றிவிட்டு, அதன் பிறகு முதல் கட்டையை அறுங்கள்.