பிரிலோடை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகாது

கேள்வி: 1974 ஹோண்டா எல்சினோர் 250-ஐ விண்டேஜ் மோட்டோகிராஸுக்கு (பழைய பைக்குகளுக்கான மண்பாதைப் பந்தயம்) ஓட்டுகிறேன். என் எடை 90 கிலோ. பிரிலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, கடைசிப் படி வரை ஏற்றியும் தாவி இறங்கும்போது பின்பக்கம் அடிதட்டுகிறது. சின்ன மேட்டில்கூட உதைக்கிறது. நீளமான கேஸ் ஷாக் (நைட்ரஜன் வாயு அடைத்த ஷாக் அப்சார்பர்) வாங்கிவிடலாமா?

பதில்: நீளத்தைத் தொடாதீர்கள். பழைய ஷாக்கில் மேல் போல்ட்டின் மையத்திலிருந்து கீழ் போல்ட்டின் மையம் வரை அளந்து, அதே நீளத்தில் வாங்குங்கள். பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க் செங்குத்தாகும். வேகமான நேர்ப்பாதையில் ஹேண்டில் ஆடும், செயினும் ஸ்விங் ஆர்மில் உரசும். அமெரிக்காவில் ஆர்மா அமைப்பின் விண்டேஜ் வகுப்பு என்றால் பின்சக்கர ஆட்டம் (சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம்) 4 அங்குலத்தைத் தாண்டவும் கூடாது.

நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஸ்பிரிங் மெத்து. பிரிலோடு ஸ்பிரிங்கைக் கடினமாக்காது, அமுங்கத் தொடங்கும் இடத்தை மட்டுமே மாற்றும். அதை முழுக்க ஏற்றியதால் சக்கரம் கீழே இறங்கிக் குழியைப் பின்தொடர இடமில்லை, அதனால் உதைக்கிறது.

அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே ஃபெண்டரில் ஒரு குறி. இடையில் 480 மிமீ என்று வைத்துக்கொள்வோம். பிறகு முழு உடுப்போடு ஏறி உட்காருங்கள், ஒருவர் வண்டியைப் பிடிக்கட்டும். இரண்டு முறை அமுக்கி விட்டுவிட்டு அளந்தால் 450 வர வேண்டும். 100 மிமீ ஆட்டத்துக்கு 25 முதல் 30 வரை இறங்குவது சரி. அதைப் பிரிலோடில் சரிசெய்தபின் இறங்கிக்கொண்டு, வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போது மறுபடி அளங்கள். 10 மிமீ அளவுக்கு இறங்கியிருந்தால் ஸ்பிரிங் பொருத்தம். 2, 3 மிமீதான் என்றால் ஸ்பிரிங் மெத்து; உங்கள் எடையைத் தாங்க பிரிலோடை அதிகம் ஏற்ற வேண்டியிருந்திருக்கிறது. அடுத்த கடின அளவுக்குப் போங்கள். 18, 20 இறங்கினால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு தவறான ஸ்பிரிங்குக்குக் காசு கொடுக்கிறார்கள்.

ஸ்பிரிங்கில் பொறித்திருக்கும் எண் ஒரு பக்கத்துக்கானது. ஒரு கிலோ/மிமீ என்பது 56 பவுண்டு/அங்குலம். மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள்.

பணம் கட்டுமுன், ஸ்பிரிங்கைக் கழற்றிய பழைய ஷாக்கின் தண்டைக் கையால் அமுக்கிப் பாருங்கள். நடுவில் எதிர்ப்பே இல்லாமல் பொத்தென்று போனால் ஆயில் குறைந்திருக்கிறது. எந்த ஸ்பிரிங்கும் அதைக் காப்பாற்றாது. கேஸ் ஷாக்கின் நன்மை உண்மையானதுதான்: நைட்ரஜன் அழுத்தம் ஆயில் நுரைப்பதைத் தடுப்பதால், பழைய ரகம்போல் சில சுற்றிலேயே சூடேறித் தளர்ந்துவிடாது. புதியதை ஸ்பிரிங் இல்லாமல் மாட்டி, பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது தடுக்கும் ரப்பர்) வரை சக்கரத்தைத் தூக்குங்கள். டயர் ஃபெண்டரில் இடிக்கக் கூடாது.

கடின ஸ்பிரிங் வேகமாகத் திருப்பித் தள்ளும், அதனால் ரீபவுண்டையும் (அமுங்கிய ஷாக் திரும்பி நீள்வதை மெதுவாக்கும் தடை) கூட்ட வேண்டிவரும். ஷாக் சூடான பிறகு, வரிசையான மேடுகளில் ஓட்டிப் பாருங்கள். உதைத்தால் ரீபவுண்டு திருகை இரண்டு கிளிக் கூட்டுங்கள். மேட்டுக்கு மேடு பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போனால் இரண்டு கிளிக் குறையுங்கள்.