வாசகர் கேள்விகள்: மார்ச் மாதப் பனியை நம்பிக் கிளம்பலாமா?

(கொலராடோவில் வசிக்கும் நம் பத்தியாளர், வார இறுதிகளில் ஒரு பனிச்சறுக்குப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார். இந்த இதழில் பனிமலைப் பயணம் பற்றி வந்த கேள்விகளுக்கு அவருடைய பதில்கள்.)

வணக்கம் அக்கா. நாங்கள் டல்லாஸில் இருக்கிறோம். மார்ச் நடுவில் ஸ்பிரிங் பிரேக்குக்குக் கொலராடோவில் கீஸ்டோன் போவதாகத் திட்டம். நான்கு நாளுக்கு வீடு எடுத்தாகிவிட்டது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. யாருக்கும் சறுக்கத் தெரியாது. போய் வந்த நண்பர்களைக் கேட்டால் ஒருவர் "ஒரே ஐஸ்" என்கிறார், ஒருவர் "அருமையான பனி" என்கிறார், இன்னொருவர் "சொதசொதவென்று இருந்தது, போகாதே" என்கிறார். யாரை நம்புவது? ரத்து செய்துவிடலாமா?
வாசகர், டல்லாஸ்

மூன்று பேரையும் நம்பலாம், தம்பி. மார்ச்சில் ஒரே மலையில், ஒரே நாளில், காலை 9 மணிக்கு ஏறியவருக்கு ஐஸ் கிடைக்கும், நண்பகலில் ஏறியவருக்கு நல்ல பனி கிடைக்கும், 3 மணிக்கு ஏறியவருக்குச் சொதசொதப்பு கிடைக்கும். ரத்து செய்யாதீர்கள். ஆனால் காலையில் முதல் ஆளாகப் போய், மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் நிற்கும்வரை சறுக்கி, கொடுத்த காசுக்கு ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஜனவரியில் அது சரி. மார்ச்சில் மணி பார்த்துத்தான் மலை ஏற வேண்டும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் நீங்களே முடிவெடுப்பீர்கள். பகல் வெயிலில் மேற்பனி உருகி, அந்தத் தண்ணீர் துகள்களுக்கு இடையே இறங்கும். இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனி தன் சூட்டை மேலே விட்டுவிட்டு இறுகிவிடும். இப்படிப் பல நாள் உருகி உறைந்தால் துகள்கள் உருண்டு திரண்டு கல் உப்புபோல ஆகிவிடும். காலையில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். உங்கள் முதல் நண்பர் பார்த்த ஐஸ் அதுதான். வெயில் ஏறியதும் மேலே ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் மட்டும் தளரும், அடியில் கெட்டியாகவே இருக்கும். இங்கே அதைக் கார்ன் என்பார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல பனி இல்லை என்பேன். காலில் மாட்டும் ஸ்கீ பலகையின் விளிம்பு பிடிக்கும், வேகம் கைமீறாது, விழுந்தாலும் அவ்வளவாக அடிபடாது. ஆனால் கொஞ்ச நேரம்தான். அப்புறம் தண்ணீர் மிஞ்சிக் கூழாகிவிடும்.

இரவில் மேகம் மூடியிருந்தால் சூடு வெளியேறாது, பனி இறுகாது. மறுநாள் காலையிலேயே கூழ்தான். அதனால் தினமும் படுக்கப் போகும் முன் இரவு எத்தனை டிகிரிக்கு இறங்கும், மேகம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். போனில் தானாக வரும் வானிலை பெரும்பாலும் ஊருக்கானது. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் வரைபடத்தில் மலைமேல் ஒரு புள்ளியைத் தொட்டால் அந்த உயரத்துக்கான முன்னறிவிப்பு கிடைக்கும். கீஸ்டோன் அடிவாரம் 9,280 அடி, முன்னால் நிற்கும் டர்கம் மலையின் உச்சி 11,600 அடிக்கு மேல். ஆயிரம் அடிக்கு 3 முதல் 5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குறையும் என்று வைத்துக்கொண்டால், கீழே உருகிக்கொண்டிருக்கும்போது மேலே இன்னும் உறைந்திருப்பது ஏன் என்று புரியும்.

சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். கிழக்குப் பார்த்தது முதலில் இளகும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. வடக்குப் பார்த்தது கடைசியில்தான், சில நாட்களில் இளகவே இளகாது. கீஸ்டோனின் முன்பக்கம் பெரும்பாலும் வடக்குப் பார்த்தது. பனி நன்றாக நிற்கும், ஆனால் காலையில் கெட்டியாக இருக்கும். பக்கத்தில் உள்ள பிரெக்கன்ரிட்ஜ் பெரும்பாலும் கிழக்குப் பார்த்தது, காலை வெயில் நேராக விழும். இன்னொன்றும் உண்டு: மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுகிறார்கள். அதன்பின் இந்தப் பகுதியில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1 மணியை ஒட்டித்தான். பத்தாகிவிட்டதே, ஏன் இன்னும் இளகவில்லை என்று கேட்கும் பெற்றோரிடம், சூரியனுக்கு இன்னும் ஒன்பதுதான் என்று சொல்வேன்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வது உங்கள் மகனுக்காக. சிறு பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது பீட்சா. ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி வேகத்தைக் குறைப்பது. கெட்டிப் பனியில் பீட்சா பிடிக்காது. எவ்வளவு அகட்டினாலும் வழுக்கிக்கொண்டே போகும். பிள்ளை செய்தது சரிதான், ஆனால் அதற்கு அது தெரியாது. தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஒரே ஒரு காலை இப்படிப் போனதால் அப்புறம் ஸ்கீயைத் தொடவே மறுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கும். ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியிருந்தால் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு இறங்கியிருக்கும்.

ஆகவே இருவரையும் முதல் நாள் பனிச்சறுக்குப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். எந்த நேரத்தில் எந்தச் சரிவு இளகும் என்று அங்கே இருக்கும் ஆசிரியர்களுக்குத் தெரியும். நீங்களே கற்றுக்கொடுக்க முயலாதீர்கள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டால் பிள்ளை பின்னால் சாயும், சாய்ந்தால் ஸ்கீ முன்னே ஓடிவிடும். நீங்களும் உங்கள் மனைவியும் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்துகொள்ளலாம். மூன்றாம் நாள் நால்வரும் நம்பிக்கையாகத் திரும்ப முடிந்தால், டர்கம் மலை உச்சியிலிருந்து ஸ்கூல்மார்ம் என்ற பச்சைப் பாதையில் (எளிய பாதைகளுக்குப் பச்சைக் குறி போடுவார்கள்) இறங்கிப் பாருங்கள். அடிவாரம்வரை மூன்று மைல் அளவுக்கு நீண்ட, எளிய பாதை. முதல் தடவை, காலையில் பனி முழுக்க உறைந்திருக்கும்போது வேண்டாம், கால் ஓய்ந்த பிற்பகலிலும் வேண்டாம். நண்பகலை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு நிறுத்திவிடுங்கள். இதில் நான் பிடிவாதக்காரி. கூழ்ப்பனியில் ஸ்கீ புதைந்து நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும். முழங்கால் திருகுவது அப்படித்தான். நிழலிலிருந்து வெயிலுக்கு வரும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும்: நிழலில் வழுக்கி வந்த ஸ்கீ, ஈரப்பனியில் ஒட்டித் திடீரென நிற்கும், ஆள் முன்னால் விழுவார். ஸ்கீ வாடகைக்கு எடுக்கும் கடையில் வெப்பநாளுக்கான மெழுகு பூசித் தரச் சொன்னால் ஒட்டுவது குறையும். கடையில் எடை, உயரம், வயது, எவ்வளவு சறுக்கத் தெரியும் என்றெல்லாம் கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங் எவ்வளவு விசைக்கு விடுபட வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் அமைக்கிறார்கள். எடையைச் சொல்லக் கூச்சப்பட்டுக் குறைத்தோ, மகன் நன்றாகச் சறுக்குவான் என்று கூட்டியோ சொல்வது ஆபத்து.

நான்கு நாளில் ஒரு நாள் பனிப்புயலும் வரலாம். டென்வரில் சராசரியாக அதிகப் பனி விழும் மாதம் மார்ச்தான். 2021 மார்ச் நடுவில் ஒரே புயலில் டென்வர் விமான நிலையத்தில் 27 அங்குலம் கொட்டியது. மேகமூட்டத்தில் நிழலே விழாது, மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. அன்று மரங்களை ஒட்டிய பாதைகளிலேயே இருங்கள், மரம்தான் அளவு காட்டும். கயிறு கட்டிய இடத்தைத் தாண்டி யாரும் போகக் கூடாது. நான்கு நாளுக்கும் லிஃப்ட் டிக்கெட் வாங்காமல் மூன்றோடு நிறுத்துங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஒரு நாள் கையில் இருக்கட்டும், அன்று பிள்ளைகள் பனியில் விளையாடட்டும். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் கவுண்டர் விலையைவிடக் குறைவு. தேதி மாற்ற முடியுமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

அக்கா, என் அம்மாவும் அப்பாவும் எங்களோடு ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பிள்ளைகள் சறுக்குவதைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். பிரெக்கன்ரிட்ஜுக்கு அழைத்துப் போகலாமா?
வாசகி, பீனிக்ஸ்

ஆசைப்படுகிறார்கள் என்றால் கட்டாயம் முயலுங்கள், பேரப்பிள்ளைகள் சறுக்கி வருவதைப் பார்க்கும் தாத்தா பாட்டியின் முகத்தை நான் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். ஆனால் அப்பாவின் மருத்துவரிடம் 9,600 அடியில் தூங்கப் போகிறோம் என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மலைக்குப் போகிறோம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது.

பீனிக்ஸிலிருந்து நேராக அந்த உயரத்துக்குப் போகாதீர்கள். 5,280 அடியில் இருக்கும் டென்வரில் ஓர் இரவு, முடிந்தால் இரண்டு இரவு தங்குங்கள். மேலே போன முதல் நாள் நடை குறைவாக இருக்கட்டும், தண்ணீர் அடிக்கடி குடிக்கட்டும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. குறையாவிட்டால் கீழே இறங்கிவிட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ காலைவரை காத்திருக்காமல் 911ஐ அழையுங்கள். இது பெரியவர்களுக்கு மட்டுமல்ல, திடகாத்திரமான இருபது வயதுப் பையனுக்கும் வரும்.

பிரெக்கன்ரிட்ஜ் ஊரிலிருந்து மலையடிக்குப் போகும் கொண்டோலாவுக்கு, அதாவது கம்பியில் தொங்கிப் போகும் கூண்டுக்கு, கட்டணம் இல்லை. அதில் ஏறிப் போனால் அம்மா அப்பா உட்கார்ந்து பார்க்க வசதியாக இருக்கும். அவ்வளவு உயரத்தில் தங்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் இன்னொரு வழி உண்டு. டென்வர் யூனியன் ஸ்டேஷனிலிருந்து விண்டர் பார்க்குக்குப் பனிக்காலத்தில் அம்ட்ராக் ரயில் விடுகிறார்கள். 1928இல் திறந்த, ஆறு மைல் நீளமுள்ள மாஃபட் சுரங்கம் வழியாகப் போய் மலையடியிலேயே இறக்கிவிடும். விண்டர் பார்க் அடிவாரமும் 9,000 அடிதான், ஆனால் மாலையே டென்வருக்குத் திரும்பிவிடலாம். எல்லா நாளும் ஓடாது, உங்கள் தேதியில் உண்டா என்று பாருங்கள்.

வாடகைக் காரில் டென்வரிலிருந்து மலைக்குப் போக விசேஷ டயர் வேண்டுமா? மார்ச் வந்துவிட்டதே?
வாசகர், ஆஸ்டின்

மார்ச் வந்தாலும் வேண்டும். ஐ-70 நெடுஞ்சாலையில் மோரிசனுக்கும் டாட்செரோவுக்கும் இடையே செப்டம்பர் 1 முதல் மே 31 வரை இந்தச் சட்டம் உண்டு. டயர் பள்ளம் 3/16 அங்குலமாவது இருக்க வேண்டும். அதோடு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருக்க வேண்டும், அல்லது பனிக்கேற்ற குறி போட்ட டயர் வேண்டும், அல்லது சங்கிலி கையில் இருக்க வேண்டும். வாடகை நிறுவனம் இதைத் தானாகப் பார்த்துத் தராது. சாவியை வாங்கும் முன் டயரைக் குனிந்து பாருங்கள், சரியில்லை என்றால் வேறு வண்டி கேளுங்கள்.

டென்வரில் வெயிலாக இருக்கும். 11,000 அடியில் ஐசனோவர் சுரங்கத்தைத் தாண்டியதும் பனி கொட்டிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை காலை மேற்கே போவதையும், ஞாயிறு பிற்பகல் கிழக்கே திரும்புவதையும் தவிருங்கள். அந்த நெரிசலில் சிறு பிள்ளைகளோடு மாட்டிக்கொள்வது கொடுமை.

ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சறுக்கலாமா? நம் நிறத்துக்கு சன்ஸ்கிரீன் அவசியமா?
வாசகி, ஹூஸ்டன்

ஜீன்ஸ் வேண்டாம். வசந்தப் பனி ஈரம், பருத்தி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நிழலில் லிஃப்டில் உட்கார்ந்ததும் நடுக்கம் எடுக்கும். பேண்ட் வாடகைக்குக் கிடைக்கும். கையுறை மட்டும் பிள்ளைக்கு இரண்டு ஜோடி கொண்டுபோங்கள், முதல் ஜோடி நண்பகலுக்குள் நனைந்துவிடும்.

சன்ஸ்கிரீன் எல்லா நிறத்துக்கும் அவசியம். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும். கீழிருந்து வரும் வெயில் அது. மூக்கின் அடிப்பக்கம், தாடைக்குக் கீழே, காது மடல் எல்லாம் பூச வேண்டும். காகிள்ஸ் என்ற பனிக்கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் இருந்தாலே கண் வெந்து சிவந்து, இரவில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும்.

எங்களுக்கு ஏப்ரலில்தான் விடுமுறை கிடைக்கும். கொலராடோ, யூட்டா, டாஹோ இவற்றில் எது நல்லது?
வாசகர், சியாட்டில்

ஏப்ரலில் நான் முதலில் உயரத்தைத்தான் பார்ப்பேன். கலிஃபோர்னியா, நெவாடா எல்லையில் உள்ள டாஹோவில் பல இடங்களின் அடிவாரம் 6,200 அடியை ஒட்டியிருக்கிறது. பசிபிக்கிலிருந்து வெப்பமான புயல் வந்தால் கீழே மழை, மேலே கனத்த ஈரப்பனி. பிள்ளைகளுக்குச் சிரமம். கலிஃபோர்னியாவில்தான் போக வேண்டும் என்றால் தெற்கே மம்மத் மலை உண்டு, உச்சி 11,053 அடி.

யூட்டாவில் ஆல்டாவும் ஸ்னோபேர்டும் எனக்குப் பிடித்தவை. சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்திலிருந்து பக்கம். 2022-23 பருவத்தில் ஆல்டாவில் 903 அங்குலம் விழுந்து சாதனையாயிற்று. ஆனால் அங்கே ஏறிப் போகும் பள்ளத்தாக்குச் சாலை பனிச்சரிவு வரும் வழியில் இருக்கிறது. பெரும் புயலுக்குப் பின் சாலையை மூடிவிடுவார்கள், சில வேளை ஆல்டாவில் யாரும் கட்டடத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்றே உத்தரவு போடுவார்கள். திரும்பும் விமானத்தை, மலையிலிருந்து இறங்கும் அதே நாள் காலைக்கு வைக்காதீர்கள். உங்களில் யாராவது ஸ்னோபோர்டு (இரு காலையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்குவது) பழகுவதாக இருந்தால் ஸ்னோபேர்டுக்குப் போங்கள், ஆல்டாவில் ஸ்னோபோர்டுக்கு அனுமதி இல்லை.

சிறு பிள்ளைகள் என்றால் கொலராடோதான் என் தேர்வு. கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ் போன்ற இடங்களில் அடிவாரமே ஒன்பதாயிரம் அடிக்கு மேல் என்பதால் இரவில் பனி இறுகும் வாய்ப்பு அதிகம். 10,780 அடி அடிவாரமுள்ள அரபஹோ பேசின் பல வருடங்களில் ஜூன்வரை ஓடும். மற்ற பல இடங்கள், பனி நிறையக் கிடந்தாலும், ஏப்ரல் நடுவிலேயே மூடிவிடும். மூடும் தேதியையும், அந்த வாரத்தில் குழந்தைகள் பள்ளி நடக்கிறதா என்பதையும் பார்த்த பிறகு விமான டிக்கெட் போடுங்கள்.