அரைப்புள்ளியில் வரியைப் பிரிக்க பாஷ் தேவையில்லை

கேள்வி: எங்கள் கோயில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எக்செலில் சிஎஸ்வியாக (கட்டங்களை அரைப்புள்ளியால் பிரித்த உரை ஃபைலாக) சேமித்து, பெயர், போன், ஊர், சந்தா என்று பிரிக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். லேப்டாப்பில் ஓடுகிறது. சர்வரில் ‘ரீடைரெக்‌ஷன் அன்எக்ஸ்பெக்டெட்’ என்று நின்றுவிடுகிறது. அரைப்புள்ளியை டேப்பாக மாற்றினால், போன் இல்லாதவர்களின் ஊர்ப்பெயர் போன் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிடுகிறது. சர்வரையே மாற்றித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், ரோஸ் ஹில்)

பதில்: கொடுக்காதீர்கள். சர்வரில் கோளாறு எதுவும் இல்லை. டெபியன், உபுண்டு சர்வர்களில் ‘எஸ்எச்’ என்று அழைத்தால் ஓடுவது டேஷ் என்ற சிறிய ஷெல் (கமாண்டுகளைப் படித்து ஓட்டும் நிரல்). உபுண்டு 2006லேயே இதற்கு மாறிவிட்டது. உங்கள் ஸ்கிரிப்டில் உள்ள <<< என்ற குறி டேஷுக்குத் தெரியாது. அந்தக் குறி தெரிந்த பெரிய ஷெல்லான பாஷும் அதே சர்வரில்தான் இருக்கும். ஆனால் ‘எஸ்எச்’ என்று சொல்லி ஓட்டினால், ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருந்தும் பயனில்லை. டேஷ் அதை வெறும் குறிப்பாக நினைத்துத் தாண்டிப் போகும். இதைச் சொல்லாமல் சர்வர் மாற்றத்துக்கு விலை பேசுபவரிடம் வேறு எந்த வேலையையும் ஒப்படைக்காதீர்கள்.

அரைப்புள்ளிக்கே திரும்புங்கள். நம் மொரீஷியஸ் தீவில் விண்டோஸைப் பிரெஞ்சு அமைப்பில் வைத்திருப்பவர்களுக்கு எக்செல் தானாகவே அரைப்புள்ளி போட்டுத் தருகிறது. அதை ஏன் கெடுக்க வேண்டும்? வரி வரியாகச் சுற்றும் வைல் லூப்பில், எந்த எழுத்தில் பிரிக்க வேண்டும் என்று சொல்லும் ஐஎஃப்எஸ் என்ற வேரியபிளுக்கு ';' கொடுத்து, அதே வரியில் இடைவெளி விட்டு, வரியைப் படிக்கும் ரீட் கமாண்டை எழுதுங்கள். அப்படி எழுதினால் அந்த மாற்றம் ரீடோடு முடிந்துவிடும், மற்ற வரிகளைத் தொடாது. ரீடுக்கு -ஆர் கட்டாயம்; இல்லையென்றால் பின்சாய்வுக் கோடுகளை அது விழுங்கிவிடும். நான்கு கட்டத்துக்கு ஐந்து வேரியபிள் கொடுங்கள். மிஞ்சுவதெல்லாம் கடைசி வேரியபிளில் போய்ச் சேரும் என்பதால், ஐந்தாவது காலியாக இல்லாத வரியில் ஏதோ தவறு என்று உடனே தெரிந்துவிடும். ஃபைலை < குறியால் லூப்பின் முடிவில் கொடுங்கள். | குறியால் உள்ளே தள்ளினால் டேஷிலும் பாஷிலும் லூப் தனிக் கிளை ஷெல்லில் ஓடும், உள்ளே கூட்டிய சந்தாத் தொகை வெளியே வராது.

ஒரு வேரியபிளில் இருக்கும் சரத்தை (எழுத்துத் தொடரை) உடைப்பதானால் ஐஎஃப்எஸ் வேண்டாம். முதலில் சரத்தின் முடிவில் ஓர் அரைப்புள்ளியைச் சேருங்கள். பிறகு டாலர் நெளிவடைப்புக்குள் பெயரை ஒட்டி %%;* என்று எழுதினால் முதல் கட்டம் கிடைக்கும், #*; என்று எழுதினால் மீதி கிடைக்கும். மீதி தீரும்வரை சுற்றுங்கள். முடிவில் அரைப்புள்ளியைச் சேர்க்க மறந்தால் கடைசிக் கட்டம் ஒருபோதும் தீராது, லூப் நிற்காமல் ஓடும்.

மேற்கோள் குறி இல்லாமல் வேரியபிளை விரித்து உடைக்கும் வழியைப் பலர் சொல்வார்கள். ஆயுள் உறுப்பினர் என்று குறிக்க ஒரு கட்டத்தில் * மட்டும் போட்டிருந்தால், அந்த இடத்தில் உங்கள் ஃபோல்டரின் ஃபைல் பெயர்கள் வந்து விழும். இதைவிட மோசமானது, எழுத்தையே கமாண்டாக ஓட்டும் ஈவாலைப் பயன்படுத்தச் சொல்வது. உறுப்பினர் படிவத்தில் யாரோ எழுதிய எழுத்து உங்கள் சர்வரில் கமாண்டாக ஓடிவிடும். காசு வாங்கிக்கொண்டு ஸ்கிரிப்ட் எழுதித் தருபவர்களின் வேலையில் முதலில் ஈவால் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

இனி டேப். ஐஎஃப்எஸ்ஸில் டேப்பை மட்டும் வைத்தாலும் உங்கள் பிரச்சினை தீராது. ஷெல்லுக்கு இடைவெளி, டேப், வரிமுடிவு மூன்றும் வெற்றிட எழுத்துகள். அவை அடுத்தடுத்து எத்தனை வந்தாலும் ஒன்றாகவே எண்ணப்படும், வரியின் தொடக்கத்தில் வந்தால் எண்ணிக்கையிலேயே சேராது. போன் காலியானால் இரண்டு டேப் ஒன்றாகி, ஊர் ஒரு கட்டம் முன்னே நகர்கிறது. பாஷிலும் இதே கதைதான், ஆகவே ஷெல்லை மாற்றிப் பயனில்லை. அரைப்புள்ளி, காற்புள்ளி, | போன்றவை வெற்றிடம் அல்ல; இரண்டு சேர்ந்து வந்தால் நடுவே ஒரு காலிக் கட்டம் ஒழுங்காகக் கிடைக்கும். டேப் ஃபைலைத்தான் யாராவது அனுப்புகிறார்கள் என்றால், பட்டியலில் எங்கும் | இல்லை என்று பார்த்துவிட்டு, எழுத்துகளை மாற்றும் டிஆர் கமாண்டால் எல்லா டேப்பையும் | ஆக்கி, பிறகு ரீடுக்குக் கொடுங்கள்.

பாஸ்வேர்ட் ஃபைலையே முக்காற்புள்ளி போட்டுப் பிரித்து வைத்திருக்கும் யூனிக்ஸ் வழி சிஸ்டம் இது. அதன் ஷெல்லில் உடைத்த துண்டுகளை வைக்க ஓர் அணி (அர்ரே), ஷெல்லுக்கான பொதுத் தரமான போசிக்ஸின் 2024இல் வந்த பதிப்பிலும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக எல்லாரும் இதே வேலையைச் சுற்றி வளைத்துச் செய்துகொண்டிருக்கிறோம். பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது உறைக்க வேண்டும்.

முகவரிக் கட்டத்தில் இரட்டை மேற்கோளுக்குள் அரைப்புள்ளி இருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அதற்குப் பைத்தான் மொழியின் சிஎஸ்வி தொகுதியை எடுங்கள். விண்டோஸில் சேமித்த ஃபைலின் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் ஒன்று சந்தாத் தொகையோடு ஒட்டிவரும், அதோடு கூட்டல் கணக்கு போட முடியாது; டிஆர் -டி கொண்டு முதலிலேயே நீக்குங்கள். திருத்திய ஸ்கிரிப்டைச் சர்வருக்கு அனுப்புமுன் லேப்டாப்பில் டேஷை நிறுவி அதில் ஓட்டிப் பாருங்கள். போன் இல்லாத ஓர் உறுப்பினரும், * உள்ள ஒரு வரியும் அந்தச் சோதனை ஃபைலில் இருக்கட்டும்.