இலவச மாதிரிப் பொருள் சோதனைக்குத் தேர்வாவது எப்படி?

கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி: பொருள்களை இலவசமாகப் பெற்று விமர்சனம் எழுதும் திட்டங்கள் பலவற்றில் பதிந்திருக்கிறேன், இதுவரை ஒன்றுக்குக்கூடத் தேர்வாகவில்லை. சமூக ஊடகத்தில் என்னைப் பின்தொடர்பவர்கள் குறைவு என்பதுதான் காரணமா? 15 வெள்ளி (ரிங்கிட்) அஞ்சல் செலவைக் கட்டினால் முகப்பூச்சு அனுப்புவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் கூறுகிறார். கட்டலாமா?

பதில்: அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம், காரணத்தைப் பிறகு விளக்குகிறேன். பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, விளம்பரத்துக்கு ஆள் தேடும் நிறுவனங்களே அதைப் பெரிதாகப் பார்க்கின்றன. பொருளைச் சோதிக்க ஆள் தேடுபவர்கள், அந்தப் பொருளை உண்மையிலேயே பயன்படுத்தக்கூடியவர் யார் என்றுதான் பார்ப்பார்கள். குழந்தை அணையாடை என்றால் குறிப்பிட்ட எடையுள்ள குழந்தையின் தாய் வேண்டும். சலவைத் தூள் என்றால் துணிகளை இயந்திரத்தில் துவைக்கும் குடும்பம் வேண்டும். எனவே பதிவுப் படிவத்தில் தோலின் தன்மை, கூந்தலின் தன்மை, ஒவ்வாமை, வீட்டில் இருப்போரின் வயது, செல்லப்பிராணி போன்ற விவரங்களை ஒன்றுவிடாமல் நிரப்புங்கள். எல்லாக் கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்று சொன்னால் வாய்ப்பு கூடும் எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் முன்னுக்குப் பின் முரணான பதில்கள், விண்ணப்பத்தை ஒதுக்கிவைக்கவே காரணமாகின்றன. தகுதியறியும் வினாப்பட்டியல் மின்னஞ்சலில் வந்தால் அன்றே பதிலளியுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் வேண்டிய ஆள் நிறைந்ததும் அது மூடப்பட்டுவிடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் புளோக், மாடி, வீட்டு எண் ஆகியவற்றை முழுமையாகக் குறிப்பிட வேண்டும்.

ஒருமுறை தேர்வானவருக்கு அடுத்த வாய்ப்பைப் பெற்றுத் தருவது அவர் எழுதும் விமர்சனம்தான். ‘நன்றாக இருந்தது’ என்ற வரியால் எவருக்கும் பயனில்லை. துத்தநாக ஆக்சைடு கலந்த வெயில் காப்புக் களிம்புகள் மாநிறத் தோலில் வெண்சாம்பல் படலமாகத் தெரிவதுண்டு. அப்படித் தெரிந்ததா, கோலாலம்பூரின் புழுக்கத்தில் வியர்வையோடு வழிந்ததா, எண்ணெய் வைத்த கூந்தலை அந்த ஷாம்பு ஒரே அலசலில் சுத்தம் செய்ததா என்பனவற்றை நம் வீட்டுப் பெண்களால்தான் திருத்தமாகச் சொல்ல முடியும். இந்த அனுபவம் விமர்சனங்களில் போதிய அளவு பதிவாகவில்லை என்பது என் வருத்தம். குறையிருந்தால் காரணத்தோடு எழுதத் தயங்காதீர்கள். பொருள் இலவசமாக வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கெடுவுக்குள் அனுப்புவதும் முக்கியம்.

பொருள் கைக்கு வந்தவுடன் முகத்தில் பூசிவிடக் கூடாது. மலேசியாவில் விற்கப்படும் ஒப்பனைப் பொருள்கள், சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கான எண் ‘என்ஓடி’ (NOT) என்று தொடங்கிக் ‘கே’ (K) என்று முடியும். சத்து மாத்திரைகளுக்கு ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் பதிவெண் உண்டு. இந்த எண்களை முகமையின் இணையத்தளத்தில் சரிபார்த்த பிறகு, பூசும் பொருளை முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் சைவர்களும் மாத்திரை உறையின் ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டறிவது நல்லது.

இனி அந்த 15 வெள்ளி. முறையாக நடத்தப்படும் சோதனைகளில் அஞ்சல் செலவை நிறுவனமே ஏற்கும். சிறு தொகை கேட்பவர் பெரும்பாலும் அந்தத் தொகைக்காகக் கேட்பதில்லை. பணம் செலுத்தும் இணைப்பின் வழியாக உங்கள் வங்கி அட்டை விவரத்தையும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணையும் பெறுவதே நோக்கம். ‘பரிசோதகர் வேலை’ என்று டெலிகிராம் குழுவில் சேர்த்து, முன்பணம் கட்டச் சொல்வது இதன் இன்னொரு வடிவம். மாதிரிப் பொருள் அனுப்பப் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் போதும். மைகார்டு எனும் அடையாள அட்டையின் படத்தை எவருக்கும் அனுப்பாதீர்கள். பணம் அனுப்பச் சொன்ன வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ (Semak Mule) தளத்தில் சோதித்துப் பார்க்கலாம். அட்டை விவரத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண்ணையோ அழையுங்கள்.