கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கா, வாலரன்ட்டா, டூமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2, வாலரன்ட் இரண்டும் ஆளின் கண் வழியே பார்த்துச் சுடும் கம்ப்யூட்டர் விளையாட்டுகள். இரண்டிலுமே அணிக்கு ஐந்து பேர், பாம் வைப்பதும் எடுப்பதும் (அதாவது செயலிழக்கச் செய்வதும்) தான் வேலை. அப்படியிருக்க எங்கள் ஹாஸ்டலில் தினமும் இதற்காகச் சண்டை நடக்கிறது. உண்மையில் என்ன வித்தியாசம்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எலும்புக்கூடு ஒன்றுதான். இரண்டிலும் 13 ரவுண்டு ஜெயித்தால் மேட்ச் முடிந்தது. 12 ரவுண்டு ஆனதும் பக்கம் மாறும். கையில் 800 விளையாட்டுக் காசு வைத்துக்கொண்டு பிஸ்டலோடு தொடங்குவதும் இரண்டுக்கும் பொது. வித்தியாசத்தைப் பார்க்க பாம் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் பாம் வெடிக்க 40 விநாடி. வெறும் கையால் எடுக்க 10 விநாடி, 400 டாலருக்கு கிட் வாங்கியிருந்தால் 5 விநாடி. நடுவில் கையை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. வாலரன்ட்டில் ஸ்பைக் எனப்படும் பாம் வெடிக்க 45 விநாடி, எடுக்க 7 விநாடி. ஆனால் மூன்றரை விநாடி தாண்டிவிட்டால் அந்தப் பாதி உங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கும். பாதி எடுத்துவிட்டு எழுந்து, வருபவரைச் சுட்டுவிட்டு, மீதியை முடிக்கலாம். இந்த ஒரு விதியால் கடைசி பத்து விநாடியின் குணமே மாறிவிடுகிறது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் அந்த நேரத்தில் ஓடுவது கடிகாரக் கணக்கு. வாலரன்ட்டில் அது சூதாட்டம்.

அடுத்தது புகை. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் 300 டாலர் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஸ்மோக் வாங்கலாம். எங்கே நின்று, எந்த ஜன்னல் மூலையைக் குறிவைத்து எறிந்தால் எங்கே விழும் என்பதை மேப் மேப்பாகப் படிக்க வேண்டும். வாலரன்ட்டில் புகை போடுவது சில ஏஜென்ட்களின், அதாவது தனித் திறமை கொண்ட சில கதாபாத்திரங்களின், வேலை. அந்த ஆளை அணியில் யாரும் எடுக்காவிட்டால் ஐந்து பேரும் திறந்தவெளியில் ஓட வேண்டியதுதான்.

மூன்றாவது துப்பாக்கியின் உதறல். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் ஏகே-47ஐ அழுத்திப் பிடித்தால் தோட்டாக்கள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே கோலத்தில்தான் போகும், முதலில் நேராக மேலே, பிறகு பக்கவாட்டில். மவுஸை எதிர்த்திசையில் இழுத்துப் பழகினால் அடங்கும். வாலரன்ட்டில் முதல் சில தோட்டாக்களுக்குப் பிறகு அது பக்கவாட்டில் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டு மூன்றாக விட்டுவிட்டுச் சுடுவதே லாபம். ஒரே மேப்பை நூறு முறை தேய்ப்பதில் சுகம் காண்பவருக்குக் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக், ரவுண்டுக்கு ரவுண்டு புது வம்பு வேண்டுமென்பவருக்கு வாலரன்ட். ஹாஸ்டல் சண்டை தீராது, ஆனால் இனி விவரமாகச் சண்டை போடலாம்.

கேள்வி: கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கிலிருந்து வாலரன்ட்டுக்கு வந்ததும் குறி சுத்தமாகப் போய்விட்டது. மவுஸ் சென்சிட்டிவிட்டியை எப்படி மாற்றுவது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பழைய எண்ணை 3.18ஆல் வகுங்கள். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் 1.0 வைத்திருந்தால் வாலரன்ட்டில் 0.314. காரணம் எளிது. மவுஸ் ஒரு புள்ளி நகரும்போது, சென்சிட்டிவிட்டி 1 என்றால், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 0.022 டிகிரி திரும்பும், வாலரன்ட் 0.07 டிகிரி திரும்பும். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற விளையாட்டுக்கும் 0.022தான், எண்ணை அப்படியே எடுத்துப் போகலாம்.

சரியாக மாற்றினோமா என்று பார்க்க ஸ்கேல் போதும். மவுஸ் 800 டிபிஐ (ஓர் அங்குல நகர்வுக்கு 800 புள்ளி), கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 1.0 என்றால் ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸ் 52 சென்டிமீட்டர் நகர வேண்டும். சுவரின் ஓர் ஓரத்தில் குறியை வைத்து, ஸ்கேலை ஒட்டி மெதுவாக இழுத்து, அதே ஓரம் திரும்ப வரும்வரை அளந்து பாருங்கள். பேட் சிறியதென்றால் அரைச் சுற்று அளந்து இரண்டால் பெருக்குங்கள். இரண்டு விளையாட்டிலும் ஒரே அளவு வந்தால் மவுஸ் மேல் குற்றமில்லை. வராவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மவுஸின் மேலுள்ள டிபிஐ பட்டன். விரல் பட்டு 800 என்பது 1600 ஆகியிருக்கும்.

அளவு சரியாகவே இருந்து குறி தவறினால் கோளாறு இடது கையில். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் வலப்பக்கம் நகர்த்தும் டி விசையை விட்டால் மட்டும் ஆள் உடனே நிற்க மாட்டார். எதிர்ப்பக்க ஏ விசையை ஒரு தட்டுத் தட்டி பிரேக் போட்டால்தான் தோட்டா நேராகப் போகும். இந்தத் தட்டலை கீபோர்டே தானாகச் செய்யும் வசதிகள் வந்தபோது, 2024 ஆகஸ்டில் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் நிறுவனமான வால்வ் தன் அதிகாரபூர்வ சர்வர்களில் அவற்றைத் தடை செய்தது. வாலரன்ட்டில் விசையை விட்டாலே ஓரளவு விரைவாக நின்றுவிடலாம். பழைய பழக்கத்தில் எதிர் விசையை நீண்ட நேரம் அழுத்தினால் மறுபக்கம் நகரத் தொடங்கிவிடுவீர்கள், நகரும்போது சுட்ட தோட்டா எங்கோ போகும்.

கேள்வி: வாண்டலா, ஃபேன்டமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: வாலரன்ட்டின் இந்த இரண்டு துப்பாக்கியும் 2,900தான், எனவே விலையை விடுங்கள். எதிரியின் உயிரும் கனமான கவசமும் சேர்ந்து 150. வாண்டல் தலையில் பட்டால் எந்தத் தூரத்திலும் 160. ஃபேன்டம் கிட்டத்தில் 156, தூரம் கூடினால் 150க்கும் கீழே இறங்கிவிடும். அதாவது நீளமான பாதையில் தலையிலேயே சுட்டும் எதிரி மிச்ச உயிரோடு ஓடிவிடுவார். பதிலுக்கு ஃபேன்டமில் 30 தோட்டா (வாண்டலில் 25), வேகமும் அதிகம், புகைக்குள்ளிருந்து சுட்டால் தோட்டாவின் தடம் எதிரிக்குத் தெரியாது. தலையைக் குறிவைக்கும் கை இருந்தால் வாண்டல். புகைக்குள் நின்று தெளிப்பவர் என்றால் ஃபேன்டம்.

கேள்வி: எதிரியைப் பார்ப்பதற்குள் செத்துவிடுகிறேன். எனக்கு வயதாகிவிட்டதா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வயதைக் குறை சொல்லும் முன் மூன்றைப் பாருங்கள். மூலையிலிருந்து வெளியே பாய்பவருக்கு நெட்வொர்க் தாமதம் சாதகம். அவர் உங்களைப் பார்த்துச் சில மில்லி விநாடி கழித்தே அவர் உங்கள் திரைக்கு வருகிறார். எனவே பாய்பவராக இருங்கள். காவல் நிற்க வேண்டியிருந்தால் மூலையை ஒட்டி நிற்காதீர்கள். பின்வாங்கி நின்றால் எதிரியின் தோள் உங்களுக்கு முதலில் தெரியும்.

இரண்டாவது, மானிட்டர். 60 ஹெர்ட்ஸில் படம் 16.7 மில்லி விநாடிக்கு ஒரு முறை மாறும், 144இல் 6.9. காசு கொடுத்து 144 வாங்கி, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60இலேயே விட்டு வைத்திருக்கும் வீடுகள் நிறைய. மூன்றாவது, வைஃபை. கேபிள் போட முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸுக்காவது மாறுங்கள்.

இதெல்லாம் செய்தும் எரிச்சலென்றால் விளையாட்டையே மாற்றுங்கள், அதில் வெட்கமில்லை. இந்த வகையில் எது பிடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது கிராஃபிக்ஸ் அல்ல, முதல் தோட்டாவுக்கும் சாவுக்கும் நடுவே விளையாட்டு உங்களுக்குக் கொடுக்கும் நேரம். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் ஹெல்மெட் போட்ட தலையில் ஏகே-47 ஒரு முறை பட்டால் 111 போகும், உயிரோ 100தான். யோசிக்க இடமே இல்லை. ஏபெக்ஸில் உயிர் 100, ஊதாக் கவசம் 100. பத்துக்கு மேல் தோட்டா பட வேண்டும், அதற்குள் சுவருக்குப் பின்னால் ஓடி, கவசத்தை நிரப்பி, திரும்பி வரலாம். ஹேலோ விளையாட்டில் சற்று ஒளிந்திருந்தாலே கவசம் தானாக ஏறும், 2001இல் வந்த முதல் ஹேலோவிலிருந்தே அப்படித்தான். உங்களுக்கு இந்த இரண்டில் ஒன்றைச் சொல்வேன்.

கேள்வி: பேய்களைச் சுடும் டூம் (2016) அருமையாக இருந்தது. டூம் எடர்னல் பரீட்சை எழுதுவது போல் இருக்கிறது. எனக்கு ஆடத் தெரியவில்லையா?
– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தெரிகிறது, பழைய டூமை ஆடத் தெரிகிறது. 2016இல் சூப்பர் ஷாட்கன் ஒன்றை வைத்தே பாதி தூரம் போய்விடலாம். எடர்னல் அதைத் திட்டமிட்டு அடைத்தது. ஷாட்கனுக்குத் தொடக்கத்தில் 16 தோட்டாதான். தீர்ந்தால் சிறிய பேய் ஒன்றை ரம்பத்தால் அறுக்க வேண்டும், தோட்டா கொட்டும். தீ வைத்துச் சுட்டால் கவசம், கையால் முடித்தால் உயிர். ரம்பத்தின் எரிபொருளில் ஒரு கட்டம் தானாக நிரம்பும் என்பதை மறந்து அதை பெரிய பேய்க்காகச் சேமிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தோட்டா தீரும் முன்பே அறுங்கள். ககோடீமன் என்ற பேயின் வாயில் ஒட்டுகுண்டு, அரக்னோட்ரானின் முதுகுத் துப்பாக்கிக்கு முதல் அடி. மராடர் என்ற பேயிடம் நெருங்கவும் வேண்டாம், விலகவும் வேண்டாம், நடுத்தூரத்தில் நின்று கண் பச்சையாக மின்னும்போது மட்டும் சுடுங்கள். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி என்ற இந்த ஏற்பாடு பிடிக்காவிட்டால் அது ரசனை, திறமைக் குறைவல்ல.

கேள்வி: அரை மணி நேரம் ஆடினால் தலை சுற்றி வாந்தி வருகிறது.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: கண் அசைவைப் பார்க்கிறது, சமநிலையைக் கவனிக்கும் உள்காது அசைவில்லை என்கிறது, அந்தத் தகராறுதான். செட்டிங்கில் மோஷன் ப்ளர், நடக்கும்போது தலை ஆடும் ஹெட் பாப் இரண்டையும் நிறுத்துங்கள். ஃபீல்டு ஆஃப் வியூவை 90க்கு மேல் வையுங்கள். தூரத்து டிவிக்கு ஏற்ற குறுகிய பார்வையை அரை மீட்டரில் உள்ள மானிட்டரில் பார்த்தால் சாவித் துவாரம் வழியாக ஓடுவது போலிருக்கும். ஹாஃப்-லைஃப் 2 தொடக்கத்தில் 75இல் இருக்கும், அதன் படகுச் சவாரியில் நிறையப் பேருக்குக் குமட்டும். தலை சுற்றத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அடுத்த நாள் இன்னும் சீக்கிரம் வரும்.

கேள்வி: மொபைலில் ஆடும் பிஜிஎம்ஐ, ஆளின் கண் வழியே பார்த்துச் சுடும் இந்த வகையில் சேருமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: எஃப்பிபி (கண்வழிப் பார்வை) மோடில் ஆடினால் சேரும். மற்றபடி கேமரா ஆளின் முதுகுக்குப் பின்னால் இருக்கும், சுவருக்குப் பின்னால் ஒளிந்தபடியே அந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்கலாம்.

கேள்வி: தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத, 8 ஜிபி ராம் லேப்டாப்பில் எது ஓடும்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வாலரன்ட் ஓடும். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 குறைந்தபட்சமே 8 ஜிபி ராமும் 85 ஜிபி இடமும் கேட்கிறது, புகை போட்டவுடன் திணறும். 8 ஜிபி ஒரே துண்டாக இருந்து இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால், இன்னொரு 8 ஜிபி போடுங்கள். உள்ளமை கிராஃபிக்ஸ் ராமைத்தான் கடன் வாங்குகிறது, இரண்டு துண்டு என்றால் பாதை இரட்டிப்பாகும்.

விண்டோஸ் 11இல் வாலரன்ட் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். வான் 9003 (VAN 9003) என்று பிழை வந்தால் அவசரப்பட்டு பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஓடும் அடிப்படை அமைப்பில்) எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பயாஸ் மோடு என்ற வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ என்றிருந்தால் செக்யூர் பூட்டை ஆன் செய்தால் போதும். லெகசி என்றிருந்தால் டிஸ்க் பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கும். அதை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றாமல் பயாஸை மாற்றினால் விண்டோஸே ஏறாது. மாற்றும் முன் ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள்.