கடைசி பெஞ்சில் இருந்தது யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 46 வயது. உயர்நிலைப் பள்ளி நாட்களை மகளுக்காக எழுதிவைக்கலாம் என்று ஆரம்பித்தேன். மூன்று பக்கத்தோடு நின்றுவிட்டது. என் நினைவில் நான் கடைசி பெஞ்ச். கணக்கில் எப்போதும் தோல்வி. பேச்சுப்போட்டியில் பாதியில் மறந்துபோய் நின்றபோது பள்ளியே சிரித்தது. பழைய தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னால், ஒருவன் "நீ இரண்டாவது வரிசையில் என் பக்கத்தில்தானே இருந்தாய்?" என்கிறான். பேச்சுப்போட்டி ஒருவருக்கும் நினைவில்லை. முப்பது வருடமாக நான் சுமந்ததெல்லாம் கற்பனையா? எதை நம்பி எழுதுவது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கற்பனை என்று அவ்வளவு சீக்கிரம் முடிவுகட்ட வேண்டாம். உங்கள் தோழன் சொல்வதுதான் சரி என்பதற்கும் ஆதாரம் இல்லை. முதலில் அவர் எந்த வகுப்பைச் சொல்கிறார் என்று கேளுங்கள். உயர்நிலைப் பள்ளி என்பது பல ஆண்டுகள், பல அறைகள், ஒவ்வோர் ஆண்டும் மாறிய இருக்கைகள். நினைவு அத்தனையையும் ஒரே அறையாகச் சுருட்டிவைத்துக்கொள்கிறது. இருவரும் வேறு வேறு ஆண்டைச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

பள்ளி நினைவில் எது நிற்கும், எது கரையும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம். 1975இல் ஹாரி பாரிக் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் பள்ளி முடித்த 392 பேரைச் சோதித்தார்கள். அப்போதுதான் பள்ளியை விட்டவர்களும் இருந்தார்கள், ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கடந்தவர்களும் இருந்தார்கள். படங்களைக் காட்டி உங்கள் வகுப்பில் படித்தவர் யார் என்று கேட்டால், முப்பது ஆண்டு தாண்டியவர்களும் சுமார் 90 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். படம் எதுவும் இல்லாமல் பெயர்களைச் சொல்லுங்கள் என்றபோதுதான் தடுமாறினார்கள். ஆக, முகங்களை நம்பலாம்.

'நான் எப்படிப்பட்டவனாக இருந்தேன்' என்பதை அப்படி நம்ப முடியாது. டேனியல் ஆஃபர் என்ற மனநல மருத்துவரின் குழு 14 வயதுப் பையன்களிடம் வீடு, பெற்றோர், நண்பர்கள், தங்களைப் பற்றிய எண்ணம் என்று பலதும் கேட்டுப் பதிவு செய்தது. அவர்களுக்கு 48 வயதானபோது, 'அன்று என்ன சொல்லியிருப்பீர்கள்?' என்று கேட்டது. 2000இல் வெளியான முடிவுப்படி, அந்தப் பதில்கள் காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னதைவிடப் பெரிதாக மேலாக இல்லை. இத்தனைக்கும் அவர்கள் மனநலம் நன்றாக இருந்தவர்கள்.

உங்கள் கணக்குப் பாடத்துக்கு வருகிறேன். பொதுவாக மதிப்பெண் நினைவு மேல்நோக்கித்தான் பிசகும். அதே பாரிக் 1996இல் கல்லூரி மாணவர்களிடம் பள்ளித் தரங்களைக் கேட்டு ஆவணங்களோடு ஒப்பிட்டார். முதல் தரம் வாங்கியதை 89 சதவீதம் சரியாகச் சொன்னவர்கள், நான்காம் தரம் வாங்கியதை 29 சதவீதமே சரியாகச் சொன்னார்கள். தவறியவர்கள் பெரும்பாலும் கூட்டித்தான் சொன்னார்கள். நீங்கள் சொல்வதோ எதிர்த்திசை. அதற்கும் வழி உண்டு. 1984இல் மைக்கேல் கான்வேயும் மைக்கேல் ராஸும் செய்த ஆய்வில், படிக்கும் திறனை வளர்க்கும் பயிற்சிக்குப் போய்வந்தவர்கள், பயிற்சிக்கு முன் தாங்கள் இருந்த நிலையைத் தாங்களே அன்று சொன்னதைவிட மோசமாக நினைவுகூர்ந்தார்கள். பயிற்சி கிடைக்காமல் காத்திருந்தவர்களிடம் இந்தச் சாய்வு இல்லை. 'அடிமட்டத்திலிருந்து ஏறிவந்தேன்' என்று கதை சொல்கிறவருக்குத் தோல்வி மதிப்பெண்தான் வசதி. உங்கள் கதை அதுதானா என்பது உங்களுக்குத்தான் தெரியும். மதிப்பெண் பட்டியல் கையில் கிடைக்கும்வரை 'எப்போதும்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். பள்ளி நினைவுகளில் மிக அதிகமாகப் பொய் சொல்கிற சொல் அதுதான்.

இனி வேலைக்கு. உங்கள் எழுத்து மூன்று பக்கத்தில் நின்றதற்குக் காரணம் மறதி என்று தோன்றவில்லை. ஆண்டு வரிசையில் ஆரம்பித்திருப்பீர்கள். வில்லெம் வாகெனார் என்ற டச்சு உளவியலாளர் ஆறு ஆண்டுகள் தன் அன்றாட நிகழ்வுகளை 'என்ன, யார், எங்கே, எப்போது' என்று குறித்துவைத்துப் பிறகு தன்னையே சோதித்தார். நிகழ்வை மீட்டுத் தருவதில் 'எப்போது' கிட்டத்தட்டப் பயனற்ற துப்பு. 'என்ன' நன்றாகவே வேலை செய்தது, 'யார்', 'எங்கே' அதற்கடுத்து. எனவே ஆண்டை விட்டுவிட்டு இடத்தைப் பிடியுங்கள்.

ஒரு பெரிய தாளில் பள்ளியின் வரைபடம் போடுங்கள். வாசல், மணி தொங்கிய இடம், தண்ணீர் குடித்த இடம், மைதானத்துக்குப் போகும் வழி. அழகு வேண்டாம். பிறகு ஒவ்வொரு வகுப்பறைக்கும் தனித்தாள். கரும்பலகை எந்தச் சுவர், வெளிச்சம் எந்தப் பக்கம், கதவருகே யார். தெரியாத இருக்கையைக் காலியாக விடுங்கள். ஊகித்து நிரப்பினால் ஒரு வாரத்தில் அந்த ஊகமே நினைவாகிவிடும். உட்கார்ந்த வரிசை இப்படித்தான் பிடிபடும்: உங்களுக்கு முன்னால் யாருடைய முதுகு தெரிந்தது? கடைசி பெஞ்சில் இருந்தவருக்கு முதுகுகள் நிறைய நினைவிருக்க வேண்டும், பின்னாலிருந்து வந்த குரல் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

பழைய குழுப்படத்தை இப்போது எடுக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவையும் இரண்டு வாரம் மூடிவையுங்கள். படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், அதன்பின் நினைவுக்கு வருவது படமா அந்த நாளா என்று பிரிக்க முடியாது. உட்காரும் ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம், ஓர் இடம் மட்டும். 'தினமும் சாயங்காலம் விளையாடுவோம்' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, ஒரே ஒரு சாயங்காலம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் அது பல நாட்களின் கலவை. கலவை என்றே எழுதலாம், தப்பில்லை.

எழுதி முடித்ததும் ஓரத்தில் குறி இடுங்கள். பார்த்தது 'பா', பிறர் சொல்லிக் கேட்டது 'கே', நீங்களாக ஊகித்தது 'ஊ'. 'ஆசிரியருக்கு என்னைப் பிடிக்காது' என்ற வரி 'ஊ'. அவர் நோட்டைத் தூக்கிப் போட்டது 'பா'. இந்தக் குறிகளைப் போட்டுப் பார்த்தால், வலித்த வரிகளில் எத்தனை 'ஊ' என்று தெரியும். அவற்றை நீக்க வேண்டியதில்லை. அன்று அப்படி நினைத்தேன் என்பதும் செய்திதான்.

பிறகுதான் சரிபார்ப்பு. மதிப்பெண் பட்டியல், நோட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கக் கிறுக்கல்கள், படங்களின் பின்பக்க எழுத்து. அதன்பின் ஆட்கள். குழுவில் பொதுவாகக் கேட்பதுதான் நீங்கள் செய்த பிழை. முதலில் யார் பதில் போடுகிறாரோ அவருடைய நினைவு மற்றவர்களுக்குத் தொற்றும், மறுப்பவர் சும்மா இருந்துவிடுவார். மூன்று பேரிடம் தனித்தனியாகத் தொலைபேசியில் கேளுங்கள். "நான் கடைசி பெஞ்ச்தானே?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். "நம் வகுப்பில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்?" என்று கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தாளைக் கடைசியில் காட்டலாம்.

மூன்று பேரும் ஒன்றுபோல் சொல்லி, நீங்கள் மட்டும் வேறாக நினைத்தால் உங்கள் வரியை அழிக்காதீர்கள். 'என் நினைவில் கடைசி வரிசை, மற்றவர்கள் நினைவில் இரண்டாவது' என்று இரண்டையும் எழுதுங்கள். இரண்டாவது வரிசையில் இருந்தவர் கடைசி வரிசையில் இருந்ததாக உணர்ந்திருந்தால், மகள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே அதுவாக இருக்கலாம். சமரசமாக நடு வரிசை என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது யாருடைய நினைவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. இப்படித் தோண்டும்போது அடியோ அவமானமோ வேறு கொடுமையோ மேலே வந்து தூக்கம் கெட்டால், தாளை மூடிவைத்துவிட்டு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அதை எழுத்துப் பயிற்சியாக்கத் தேவையில்லை.

பேச்சுப்போட்டி மிச்சம். அது நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 2000இல் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும், அணியவே கூச்சப்படும் ஒரு சட்டையை மாணவர்களுக்குப் போட்டு, பலர் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். சட்டையில் யார் படம் என்று கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள் அணிந்தவர்கள். கவனித்தவர்கள் கால்வாசி. அதே அறையில், அதே நிமிடத்தில் நிலைமை இது. முப்பது வருடம் கழித்து உங்கள் தோழர்களிடம் என்ன எதிர்பார்ப்பது? அவரவர் மேடையில் அவரவர் மறந்து நின்றதைத்தான் அவர்கள் சுமந்துகொண்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தை எழுதும்போது 'பள்ளியே சிரித்தது' என்ற இடத்தில் நிறுத்தி, சிரித்த முகங்களில் எத்தனை உங்களுக்குத் தெரிகின்றன என்று எண்ணுங்கள். பெயரோடு வரும் முகங்களை மட்டும் எழுதுங்கள்.